அசல் பார்க்காமல் கொடுத்த நகல்

பொது மருத்துவத் துறையின் அலுவலகத்தில் இருபத்து நான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கும். புரட்டுவதற்கு அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும் என்பதால் யாரும் புரட்டியதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் சீல் அக்கா.

இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கும் கருத்தரங்க அறைக்கும் நடுவில் அவருடைய அறை. இரண்டு இரும்பு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பக்கக் கதவு சாத்திக்கொள்ளாத ஜன்னல், மேஜைமேல் ஒரு தட்டில் ஆறு ரப்பர் ஸ்டாம்புகள். அவற்றில் 'உண்மை நகல்' என்ற ஸ்டாம்புதான் அக்காவுக்கு உயிர். சான்றிதழின் ஜெராக்ஸோடு யார் வந்து நின்றாலும், "அசல் எங்கே?" என்பார். அசலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகலைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிய பிறகுதான் சீல் விழும். துறைத் தலைவரான சீஃபே ஒருமுறை தன் பட்டச் சான்றிதழின் ஜெராக்ஸை நீட்டிவிட்டு, என்னைத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். உங்களைத் தெரியும் சார், சர்டிபிகேட்டைத் தெரியாது என்றார் அக்கா. முப்பது வருஷம் மருத்துவம் பார்த்த மனிதர் வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைந்து அசலைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு மரியாதை. பயம் என்றும் சொல்லலாம், யாருக்கு யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் இன்ஸ்டாகிராமைக் கொடுத்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. டாக்டருக்குப் படித்து முடித்தவர்கள் ஒரு துறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தபடியே கற்றுத் தேர்வதற்காகச் சேர்வார்கள். ஆஸ்பத்திரி பாஷையில் அவர்கள் ரெசிடென்ட். அந்தத் துறையில் வருஷத்துக்கு ஆறு இடம். விண்ணப்பிக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிகளும் ஒரு பட்டியல் கொடுக்கும், இரண்டையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். போன வருஷம் ஆறு இடத்துக்கு மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். பயிற்சிகளைக் கண்காணிக்கிற குழுவிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வருஷம் ஐந்து பேருக்குக் குறைந்தால் துறையிடமிருந்து பயிற்சியைப் பிடுங்கிவிடுவார்களாம். அப்படி நடந்தால் இருக்கிற ரெசிடென்ட்கள் ஆளுக்கொரு ஊராகச் சிதறுவார்கள். அக்காவின் நாற்காலியும் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறைக்கு இறங்கிவிடும். அங்கே ஜன்னலே கிடையாது.

நேர்காணலுக்கு வந்துவிட்டுப் பிறகு வேறிடம் போனவர்களை சீஃபே கூப்பிட்டு விசாரித்தார். ஓர் இளைஞர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "உங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பேஜ்கூட இல்லையே சார். மூடிட்டீங்களோன்னு நெனச்சேன்." அந்த இளைஞர் பரீட்சைக்குப் படித்ததே சீஃப் எழுதிய இரண்டு பாடப் புத்தகங்களைத்தான். புத்தகத்தின் பின்னட்டையில் துறையின் முகவரிகூட இருக்கிறது. இந்தக் காலத்தில் பின்னட்டையை யார் பார்க்கிறார்கள்?

மறுநாளே அலுவலக ஆணை வந்தது. எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. துறையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடங்கிப் பராமரிக்கும் பொறுப்பு அலுவலக உதவியாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் பெற்றுக்கொண்டதற்கு சீல் போட்டு, 'சமூக ஊடகம், பொது' என்று ஒரு கோப்பைத் திறந்து, நூல் கோத்துக் கட்டினார்.

முதல் பதிவு, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குழாயில் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு. இரண்டாவது, விடுமுறை நாட்களின் பட்டியல். மூன்றாவதாகத் துறையின் குழுப்படம். படமென்றால் உண்மையாக இருக்க வேண்டுமே என்று, அதை அச்செடுத்து, 'உண்மை நகல்' சீலை அழுத்தி, அதைத் திரும்பப் போனில் படம் பிடித்துப் போட்டார் அக்கா. சீல் சரியாக சீஃபின் முகத்தில் விழுந்திருந்தது. மூக்கில் 'உண்மை', வாயில் 'நகல்'. ஒரு மாதத்தில் பக்கத்தைத் தொடர்ந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் அக்காவின் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள்.

நெட்டை டாக்டர்தான் பார்க்கச் சகிக்காமல் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் வருஷ ரெசிடென்ட். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார், அதனால் எப்போதும் பணிவான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார். யாரும் அறிவிப்பு படிக்க அங்கே வருவதில்லை, நாம் எப்படி வாழ்கிறோம் என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவர் விளக்கினார். எப்படி வாழ்கிறோம் என்று அக்கா கேட்டார். முழுசாக ஒரு நாள் பணி முடித்து, கையில் பாதி பிஸ்கட்டோடு வந்திருந்த நெட்டை டாக்டர் மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். காபி குடிக்கிற படம், பிறந்தநாள் கேக், எல்லோரும் சிரிக்கிற படம், ஓய்வறை, இதெல்லாம் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். எழுந்து போகும்போது, தயவுசெய்து சீல் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அக்கா. ஒரு வாரத்தில் 'சிரிப்பு முறைப்பட்டியல்' தயாராகி அறிவிப்புப் பலகையில் ஏறியது. திங்கட்கிழமை யார் சிரிப்பது, செவ்வாய்க்கிழமை யார் காபிக் கோப்பையோடு ஜன்னலோரம் நிற்பது, புதன்கிழமை சீஃபின் பக்கத்தில் நின்று வியந்து பார்ப்பது யார் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. சிரித்தவர்கள் எதிரே கையெழுத்திட வேண்டும். ஒரு பெண் டாக்டருக்குப் பல்வலி வந்தபோது முறைமாற்ற விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு, அவர் சிரிப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். சீஃபும் வியாழக்கிழமைகளில் சிரித்தார். ஆரம்பத்தில் வலிப்பு மாதிரிதான் இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது. தொடர்பவர்கள் அறுநூறைத் தாண்டினார்கள்.

ஓய்வறைதான் பாக்கி.

அந்தத் துறைக்கு ஓய்வறை இருக்கத்தான் செய்தது. கதவில் பலகைகூடத் தொங்கியது. ஆனால் பதினொரு வருஷமாக அதற்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவை பழைய நோயாளிகளின் கேஸ் ஷீட் கட்டுகள். ஒரே ஒரு கட்டில், அதுவும் கட்டுகளைச் சுமந்து சுமந்து அலமாரியாகிவிட்டிருந்தது. ரெசிடென்ட்கள் கருத்தரங்க அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் கண்ணை மூடுவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா வார்டு உதவியாளர்கள் இருவரை வைத்துக்கொண்டு, கட்டில் இருந்த பக்கத்துக் கட்டுகளையெல்லாம் எதிர்ப்பக்கம் மாற்றினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் திரைச்சீலையை மாட்டினார். ஒரு மேஜை விளக்கு வைத்தார். ஆஸ்பத்திரி இயக்குநரின் பார்வையாளர் அறையிலிருந்த பூந்தொட்டி அரை மணி நேரத்துக்கு இரவல் வந்தது. நெட்டை டாக்டர் புத்தகத்தை மார்பில் வைத்துப் படுத்தார். பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் முழங்காலோடு படத்தை வெட்டினார்கள். படம் எடுத்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் கேஸ் ஷீட்டுகள் அடுக்கியிருந்தது யாருக்குத் தெரியப்போகிறது?

ஆயிரத்து எண்ணூறு ஹார்ட் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் கட்டுகள் திரும்பவும் கட்டில்மேல் ஏறின. அக்காவுக்கு மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் அது பொய். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடப் படத்தைக் காட்டினார்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. அக்காவின் ஒரே மகள் அந்த வருஷம்தான் டாக்டராகி, குழந்தைகள் மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். சாப்பாட்டு மேஜையின் முக்கால் பங்கை அவளுடைய லேப்டாப் பிடித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு ஆஸ்பத்திரிகளின் பக்கங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து மார்க் போட்டாள். காபி மெஷினுக்கு இரண்டு, மொட்டை மாடிக்கு ஒன்று, துறைத் தலைவர் டான்ஸ் ஆடினால் மூன்று. எத்தனை நோயாளிகள், யார் கற்றுத் தருகிறார்கள் என்பதற்கும் கடைசியில் கட்டம் இருந்தது, இரண்டும் காலியாகவே. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இருபத்திரண்டு ஊருக்கும் நேரில் போய்வர யாரால் முடியும்? மூன்று வருஷம் எங்கே கழியப்போகிறது என்ற பயத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் கிடைப்பது ஒரு போன்தான். அதில் யார் சிரிக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வதில் என்ன அதிசயம்?

அவள் மனம் ஒரு மலையடிவார ஆஸ்பத்திரியின்மேல் விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எட்டு ரெசிடென்ட்கள் எப்போது பார்த்தாலும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். கேக் வெட்டினார்கள், பாடம் படித்தார்கள், யாருக்கோ பிரிவுபசாரம் நடத்தினார்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஜன்னலில் மலை தெரிந்தது. மகள் அதை முதலிடத்தில் வைத்துவிட்டாள். இனி மாற்ற முடியாதபடி பட்டியலைப் பூட்ட வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரமிருந்தது.

அந்தப் பக்கத்தை முதலில் சந்தேகப்பட்டவர் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். முப்பது வருஷம் கடிகாரத்தைப் பார்த்தே பிழைத்தவர், படத்திலும் முதலில் அதைத்தான் பார்த்தார். கேக் வெட்டும்போது மணி பத்தே கால், பாடம் நடக்கும்போதும் பத்தே கால், பிரிவுபசாரத்திலும் பத்தே கால் என்று சொல்லிவிட்டு, "ஒண்ணு அந்தக் கடிகாரம் ஓடல, இல்லன்னா அந்த ஆஸ்பத்திரியே ஓடல" என்றார்.

அக்காவுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, ஒரே நாளில் சட்டையை மாற்றி மாற்றி எடுத்த படங்கள் என்று உடனே பிடிபட்டது. மறுநாள் ஆபீசிலிருந்து அந்த மலையடிவார ஆஸ்பத்திரியின் அலுவலக அம்மாளுக்குப் போன் போட்டார். பதினைந்து வருஷமாகச் சான்றிதழ் சரிபார்ப்பு விஷயமாகப் பேசிப் பேசி, குரலை மட்டும் வைத்தே சிநேகமானவர்கள் இருவரும். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிரிக்கிற எட்டுப் பேரில் மூன்று பேர் விலகிப் போய் ஆறு மாதமாகிறது, மிச்ச ஐந்து பேர் எட்டுப் பேர் வேலையைப் பார்க்கிறார்கள், படத்தை மட்டும் வாராவாரம் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தார்.

அன்று சாயந்திரம் அக்கா வீட்டுக்குள் நுழைந்த நுழைவே தனி. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தை ஒப்பித்தார். ஊரை ஏமாற்றுகிற படங்களை நம்பி மூன்று வருஷத்தை அடகு வைக்காதே என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மகள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பி, அம்மாவின் துறைப் பக்கத்தில் ஆயிரத்து எண்ணூறு ஹார்ட் வாங்கிய படத்தைத் திறந்தாள்.

"என் ரூம் ஜன்னல் கர்ட்டன் உங்க ஆஸ்பத்திரியில என்னம்மா பண்ணுது?"

டைம் கீப்பருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. துவைக்கப் போட்டிருப்பதாகப் பத்து நாளாகச் சொல்லிவந்த அக்கா, அங்கேதான் துவைக்கப் போட்டது என்பது போல ஏதோ முனகினார். அந்த அறையில் நிஜமாக என்ன இருக்கிறது என்று மகள் விடாமல் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அக்கா சமாளித்திருப்பார். அவள் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா, விசிலே அடிக்காத குக்கரை அணைப்பதற்காகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, துறையின் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. வெளியூரிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண் டாக்டர் எழுதியிருந்தார்: "எனக்கு ஏழு மாசக் குழந்தை இருக்கு. டியூட்டிக்கு நடுவுல பால் எடுத்து வைக்க, கதவைச் சாத்திக்கிற மாதிரி ஒரு இடம் வேணும். உங்க ஓய்வறைப் படத்தைப் பார்த்ததும் உங்களைத்தான் முதல்ல வச்சேன். அந்த ரூம் எங்களுக்குக் கிடைக்கும்தானே?"

அக்கா அதை மூன்று தரம் படித்தார். பிறகு எழுந்து போய், சாத்திக்கொள்ளாத ஜன்னல் கதவைச் சாத்தப் பார்த்தார்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் இந்த வேலையில் சேர்ந்தபோது மகளுக்கு நான்கு மாதம். இதே மாடியில், பெண்கள் கழிப்பறையில், தாழ்ப்பாள் உடைந்த கதவை ஒரு காலால் முட்டுக் கொடுத்து நின்றபடி, மார்பு கட்டிக்கொண்ட வலியில் பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டிருக்கிறார். வெளியிலிருந்து யாராவது தள்ளினால் இருமுவார். மகளுக்குப் பால் கொடுத்த ஒன்பது மாதமும் இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொல்லி அவருக்கு அறிவுரை சொல்லாத டாக்டர் அந்தத் துறையில் கிடையாது. அதையெல்லாம் மறந்து தொலைத்துவிட்டு, ஒரு மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு, இன்னொருத்தியை இவ்வளவு தூரம் நம்ப வைத்துவிட்டோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

நெட்டை டாக்டரிடம் காட்டினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவாக எழுதிவிடலாமே என்றார். அக்கா சீஃபிடம் போனார். சீஃப் ஏற்கெனவே விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். நேர்காணலுக்கு வந்தவர்களில் உறுதியாக வருவார்கள் என்று நம்பக்கூடியவர்கள் நான்கு பேர். ஐந்தாவது ஆள் இந்தப் பெண்தான். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை, அப்படிச் சொல்லக்கூடிய மனிதரும் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பதிலை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அப்புறம் அனுப்பினால் என்ன என்று மட்டும் கேட்டார். பட்டியல் பூட்டிய பிறகு உண்மையைச் சொல்வது எவ்வளவு சௌகரியம்.

"இத்தனை வருஷத்துல அசல் பார்க்காம ஒரு நகல் கொடுத்ததில்ல சார்," என்றார் அக்கா. "இப்ப கொடுத்துட்டேன். அசலே கிடையாது."

சீஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சொல்லாததை உத்தரவாக எடுத்துக்கொள்வதில் அக்காவுக்கு இருபத்து நான்கு வருஷ அனுபவம்.

அறைக்குத் திரும்பிப் பதில் எழுதினார். இன்ஸ்டாகிராம் தோன்றிய நாளிலிருந்து அப்படி ஒரு பதில் அதில் போயிருக்காது. 'பார்வை: தங்கள் இன்றைய செய்தி' என்று ஆரம்பித்து எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, தாங்கள் கேட்ட அறை உள்ளதா எனில், இல்லை. இரண்டு, படத்தில் காணும் அறையில் தற்சமயம் பழைய கேஸ் ஷீட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. மூன்று, திரைச்சீலை என் மகளுடையது, பூந்தொட்டி இயக்குநருடையது. நான்கு, தாங்கள் சேரும் நாளுக்குள் அறையைக் காலி செய்ய முயற்சி எடுக்கப்படும், உறுதி கூற இயலாது. ஐந்து, பட்டியலை மாற்றிக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அவகாசம் உள்ளது. அனுப்பிவிட்டு, ஓய்வறைப் படத்தையும் பக்கத்திலிருந்து நீக்கினார். துறையின் ஒரே வெற்றிப் படம் ஆயிரத்து எண்ணூறு ஹார்ட்டோடு மறைந்தது.

அந்தப் பெண் படித்துவிட்டார் என்ற அடையாளம் கொஞ்ச நேரத்தில் வந்தது. பதில் வரவில்லை. புதன்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்தபோதும் வரவில்லை. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஐந்தாவது ஆளைத் தன் கையாலேயே வழியனுப்பிவிட்டோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லத் தெரியாமல், கீழ்த்தளத்தில் கடிகாரமாவது இருக்குமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முடிவு வர மூன்று வாரம் இருந்தது. அக்கா சும்மா இருக்கவில்லை. முயற்சி எடுக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தாயிற்றே. கேஸ் ஷீட்டுகளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பப் போனால், பதிவேட்டு அறைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு கட்டுக்கும் தனிப் படிவம், அதில் நோயாளி எண், வருஷம், பக்க எண்ணிக்கை, மூன்று கையெழுத்து. இந்தப் படிவத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று அக்கா கேட்டார். அவர் படிவத்தின் அடியில் இருந்த பெயரைக் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை வடிவமைத்தது அக்காதான். குனிந்த தலை நிமிராமல் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படிவங்களையும் நிரப்பினார். ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டிப் போகவில்லை. சிரிப்பு முறைப்பட்டியலைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் கட்டுத் தூக்கும் முறைப்பட்டியலை ஒட்டினார். அதற்குக் கையெழுத்து வாங்குவதுதான் சிரமமாக இருந்தது.

மகளும் இரண்டு சனிக்கிழமை வந்து தூக்கினாள். மலையடிவார ஆஸ்பத்திரியிலிருந்து விலகிப் போன மூவரில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசியதாகவும், பட்டியல் பூட்டுவதற்கு முன்பே அந்த இடத்தை எட்டாவதாக இறக்கியதாகவும் போகிற போக்கில் சொன்னாள். அம்மா சொன்னதற்காக இல்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள். கர்ட்டனைத் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா அதை அறையின் தளவாடப் பட்டியலில், 'திரைச்சீலை, மஞ்சள், ஒன்று, அன்பளிப்பு' என்று எழுதினார்.

தச்சரை வரவழைத்துக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னார். அவர் சின்னதாக ஒன்றைக் காட்டினார். அக்கா அதைத் தள்ளிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். யாரை அடைத்து வைக்கப் போகிறீர்கள் என்று தச்சர் கேட்டதற்கு, வெளியே இருக்கிறவங்களை என்று சொன்னார்.

முடிவு வந்த காலையில் சீஃப் தன் அறையிலிருந்து கூப்பிடாமல் தானே நடந்துவந்தார். அச்செடுத்த தாளை அக்காவின் மேஜையில் வைத்தார். ஐந்து பேர். ஐந்தாவது பெயரின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான். அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையைத் தேடினார். மகளுக்கு அன்றே, மூன்றாவதாக எழுதிய ஆஸ்பத்திரி கிடைத்திருந்தது. அதன் பக்கத்தில் மொத்தமே நான்கு படம், நான்கிலும் யாரோ ஒருவர் கண்ணை மூடியிருந்தார்.

சேருகிற நாளன்று அந்தப் பெண் டாக்டர் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, தோளில் ஒரு பெரிய பையோடு வந்து நின்றார். அக்கா அசல் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் தானே எழுந்து ஓய்வறைக்குக் கூட்டிப் போனார். காலியான கட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், திரைச்சீலை. பூந்தொட்டி இல்லை, அதை இயக்குநர் தர மறுத்துவிட்டார். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, படத்தில் பெரிய அறையாகத் தெரிந்ததே என்றார். அது பாதி அறைதான் என்று அக்கா ஒத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அக்காவால் அடக்க முடியவில்லை. இல்லை என்று எழுதிய பிறகும் எங்களை ஏன் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டார்.

"இதே கேள்வியை மொத்தம் பதினாறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன் அக்கா," என்றார் அந்தப் பெண். "பதினஞ்சு பேர் ஒரு ஹார்ட் போட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இல்லன்னு எழுதினீங்க."

பையிலிருந்து பால் எடுக்கிற பம்ப்பை வெளியே வைத்தார். ரயிலில் வந்ததில் நேரமாகிவிட்டது, ரொம்ப வலிக்கிறது என்றார். அக்கா சட்டென்று வெளியே வந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நெட்டை டாக்டர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடைவழியில் வந்தார். புது ஆள் வந்தாயிற்று, அறையும் தயாராகிவிட்டது, இப்போதாவது அந்த அறையை நிஜமாக ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று அவருக்கு ஆசை. அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"படம் வேணாம் தம்பி," என்றார். "உள்ள ஆள் இருக்காங்க."